காத்திருப்பவரின் அவசரம்

கவிதையும் சிறுகதையும் நூல் மதிப்புரையும் வாசிக்க இங்கே வரும் நண்பர்களுக்கு இக்கட்டுரையின் பொருள் சற்று அந்நியமாகத் தோன்றக்கூடும். கணினி இயங்குதளத்தின் உட்கருவில், கெர்னல் என்று வழங்கப்படும் பகுதியில், பல பணிகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் முறையைப் பற்றி எழுத முனைந்திருக்கிறோம். எழுதுவோர் இருவர், உடன்பிறந்தோர். மூத்தவர் பள்ளியில் தமிழ் கற்பிப்பவர். இளையவர் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளை எழுதிப் பிழைப்பவர். ஒருவர் துறையை மற்றவர் கேலி செய்வதே எங்கள் வீட்டு வழக்கம். ஓர் இரவு மட்டும் எங்கள் இருவரையும் ஒரே கேள்வியின்முன் நிறுத்தியது. அந்தக் கேள்விக்கான விடையை இருவரும் சேர்ந்தே தேடினோம் என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சு நகரம் முடியுமிடத்திலிருந்து கடலோரமாக வடக்கே நடந்தால் குருசுக்குப்பம். குருசு என்றால் சிலுவை. போர்த்துக்கீசியரிடமிருந்து கிறித்தவத் தமிழுக்கு வந்து தங்கிவிட்ட சொல். எங்கள் இளமையில் இங்கே மணல் இருந்தது. படகுகள் அதில் ஏறி நின்றன. 1980களில் தெற்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கேயே தங்கிவிட்டது. பசித்த கடல் எங்கள் கரையைத் தின்றது. பின்னர் கரும்பாறைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். இப்போது நாங்கள் மாலையில் உட்கார்ந்து பேசுவது அந்தப் பாறைகளின் மேல்தான்.

காத்திருத்தல் என்னும் கலையை நாங்கள் கற்றது கடலில் அன்று, தெருக்குழாயடியில்.

அக்காலத்தில் பொதுக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் உறுதியில்லை. காத்திருப்போர் இருவகையினர். சிலர் குழாயருகிலேயே நின்று நொடிக்கொரு முறை திருகிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேறு வேலை ஏதும் நடவாது; ஆனால் தண்ணீர் வந்த கணத்தில் முதற்குடம் அவர்களுடையது. மற்றவர்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள். குடம் நின்றால் ஆள் நின்றதாகப் பொருள். தண்ணீர் வந்ததும் யாரேனும் ஒரு சிறுவன் தெருவெங்கும் கூவிக்கொண்டு ஓடுவான். கெர்னலுக்குள்ளும் காத்திருப்பு இவ்விரண்டு வகைதான். முதல் வகைக்குச் சுழற்பூட்டு என்று பெயர், ஸ்பின்லாக் என்பார்கள். பூட்டுத் திறக்கும்வரை மையச்செயலகம் அங்கேயே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும். மிகக் குறுகிய காத்திருப்புக்கு அது ஏற்றது. இரண்டாம் வகையில், காத்திருக்க வேண்டிய பணி தன் பெயரைக் காத்திருப்பு வரிசையில் எழுதிவிட்டு உறங்கிப்போகும். உரிய நிகழ்வு நடந்ததும் எழுப்பப்படும்.

இரண்டாம் வகையில் ஓர் இடர் உண்டு. குழாயைத் திருகிப் பார்க்கிறோம், தண்ணீர் இல்லை. வீட்டுக்குத் திரும்புகிறோம். குடத்தை வைக்கச் சென்ற அந்த அரை நிமிடத்தில் தண்ணீர் வந்து, சிறுவனும் கூவிவிட்டுப் போய்விடுகிறான். வரிசையில் எங்கள் குடம் அப்போது இல்லாததால் எங்களை யாரும் தேடவில்லை. நாங்களோ இன்னும் அழைப்பு வரும் என்று நம்பிக் காத்திருக்கிறோம். தவறிப்போன எழுப்பல் என்று இதனைச் சொல்லலாம். லினக்ஸ் கெர்னல் இதற்குக் கண்ட வழி எளியது: முதலில் வரிசையில் பெயரை எழுது, அதன் பிறகு குழாயை மறுபடியும் ஒருமுறை பார், அப்போதும் வறண்டிருந்தால் மட்டுமே உறங்கு. வரிசையை மாற்றினால் என்றேனும் ஒருநாள் ஒரு பணி நிரந்தரமாக உறங்கிப்போகும். ஆயிரம் முறை சரியாக ஓடி, ஆயிரத்தோராவது முறை மட்டும் நின்றுபோகும் பிழை அது. கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

ஆகவேதான் இந்தக் காத்திருப்பு முறைகளைக் கெர்னலின் ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று தனியே எழுதிக்கொள்வதில்லை. கோப்பு முறைமை, வலையமைப்பு, வட்டு, விசைப்பலகை ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சில பூட்டுகளும் சில வரிசைகளும் ஒரே இடத்தில் எழுதப்பட்டுள்ளன. எல்லோரும் அவற்றையே எடுத்தாள்கின்றனர். ஒருமுறை செம்மையாக எழுதப்பட்டது எல்லோருக்கும் செம்மையாகிறது என்பது இதன் முதற்பயன். இதைவிடப் பெரிய பயன் ஒன்று இருப்பதை நாங்கள் வெகுகாலம் உணரவில்லை.

பொது என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டைப் போட்டுவிடவும் முடியாது. 1996இல் வெளிவந்த லினக்ஸ் 2.0, ஒன்றுக்கு மேற்பட்ட மையச்செயலகங்களை முதன்முதலாக ஏற்றபோது அப்படித்தான் செய்தது. கெர்னல் முழுமைக்கும் ஒரே பெரும்பூட்டு. ஒரு நேரத்தில் ஒருவரே உள்ளே. ஊருக்கெல்லாம் ஒரே குழாய் என்பது போல. பின்வந்தோர் அதனைச் சிறு சிறு பூட்டுகளாகப் பிரித்துக்கொண்டே வந்தனர். 2011இல் வெளிவந்த 2.6.39ஆம் பதிப்பில்தான் அந்தப் பெரும்பூட்டின் கடைசிச் சுவடும் நீங்கியது. ஒரு பூட்டை அகற்றப் பதினைந்து ஆண்டுகள்.

* * *

எங்கள் தந்தையார் இரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். ஒற்றைத் தடப் பாதையில் அமைந்த சிறு நிலையங்களில் அவருடைய பணிக்காலம் முழுவதும் கழிந்தது. விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம் நிலைய அதிகாரியின் அறையில் இருந்த செந்நிறப் பெட்டியை வியப்போடு பார்ப்போம். அதற்குள் உலோகப் பந்துகள் இருந்தன. நீல் பந்து டோக்கன் கருவி என்று அதற்குப் பெயர். அடுத்த நிலையத்திலும் அதேபோல் ஒரு பெட்டி. இரண்டையும் மின்கம்பி இணைத்தது. இந்த நிலையத்தில் ஒரு பந்தை வெளியே எடுத்துவிட்டால், அது இரண்டு பெட்டிகளுள் ஏதேனும் ஒன்றில் திரும்ப இடப்படும்வரை எந்தப் பெட்டியும் வேறொரு பந்தைத் தராது. பந்தைத் தோற்பையில் இட்டு, பெரிய வளையத்தில் மாட்டி, ஓடும் இஞ்சினை நோக்கி அப்பா உயர்த்திப் பிடிப்பார். ஓட்டுநர் கையை வளையத்துக்குள் விட்டுப் பற்றிக்கொண்டு போவார். பந்து கையில் இல்லாத ஓட்டுநர் அந்தத் தடத்தில் நுழையலாகாது. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வரவே முடியாது என்பதற்கு அந்தச் சிறிய பந்தே காப்பு.

கணினியியலும் தன் முதல் காத்திருப்புக் கருவிக்கான பெயரை இரயில்வேயிடமிருந்தே பெற்றது என்பதை இளையவர் கல்லூரியில் படித்தபோது அறிந்து அப்பாவிடம் சொன்னார். 1960களின் தொடக்கத்தில் நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வகுத்தது அது, பெயர் செமாஃபோர். கைகாட்டி மரம் என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதேதான். அப்பா மகிழ்ந்தார். ஆனால் உடனே ஒரு குறையும் சொன்னார். கைகாட்டி, தடம் அடைபட்டிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். யாரால் அடைபட்டது என்று சொல்லாது. பந்து அப்படியன்று. பந்து வெளியே இருந்தால் இன்ன வண்டியின் ஓட்டுநர் கையில் இருக்கிறது என்று இரண்டு நிலையங்களுக்கும் தெரியும். அன்று நாங்கள் அதனை ஒரு முதியவரின் தொழிற்பெருமை என்று கருதிச் சிரித்துவிட்டோம்.

* * *

2016ஆம் ஆண்டு மழைக்காலம். அப்பாவுக்கு ஓர் இரவு மூச்சுத்திணறல் மிகுந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர் இங்கே வேண்டாம். அவரைக் கட்டிலில் கிடத்தினார்கள். ஆக்சிஜன் தர வேண்டும் என்று மருத்துவர் எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடம் சென்றார். சிலிண்டர் கட்டிலருகிலேயே நின்றது. அதன் தலையில் பொருத்த வேண்டிய மீட்டர் மட்டும் சுவரோர அலமாரிக்குள் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி இரவுப்பணி உதவியாளரிடம்.

உதவியாளரைக் காணவில்லை.

செவிலியர் ஒருவர் தேடிப் போனார், வந்தார், இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார் என்றார். நாங்கள் இருவரும் மாறி மாறிப் படிக்கட்டு வரை ஓடினோம். அப்பாவின் உதடுகள் நிறம் மாறிக்கொண்டிருந்தன. விசிறியால் வீசினோம், முதுகைத் தடவினோம். கண்ணெதிரே சிலிண்டர் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தபடி நின்ற எங்களுக்கு நாற்பது நிமிடங்கள் கழிந்தன. பிறகு அந்த உதவியாளர் வந்தார். இருபது வயதிருக்கும். கையில் தேநீர் ஃபிளாஸ்க். மெதுவாகவே நடந்து வந்தார்.

எங்களில் ஒருவர் அந்த இளைஞரைப் பார்த்துச் சொல்லத்தகாத சொற்களைச் சொன்னோம். யார் என்று இங்கே பிரித்துச் சொல்லப் போவதில்லை, மற்றவர் தடுக்கவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. ஃபிளாஸ்க்கைத் தரையில் வைத்துவிட்டு நடுங்கும் கையால் அலமாரியைத் திறந்தார்.

விடியற்காலையில் அப்பாவின் மூச்சு ஓரளவு சீரானது. முகமூடியை விலக்கிக்கொண்டு அவர் முதலில் கேட்டது இதைத்தான்:

"அந்தப் பையனை எதுக்குத் திட்டினீங்க? சாவி அவன் இடுப்புல இருக்குதுன்னு அவனை வேலைக்கு ஏவினவங்களுக்குத் தெரியுமா? நான் இங்க மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கறது அவனுக்குத்தான் தெரியுமா?"

நாங்கள் விடை சொல்லவில்லை. பகலில் மெல்ல விசாரித்தபோது தெரிந்தது: அந்த இரவில் அவரை ஒருவர் விரிப்புகள் கொண்டுவர அனுப்பியிருக்கிறார், வழியில் மற்றொருவர் ஒரு நோயாளியைச் சக்கர நாற்காலியில் மாடிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார், மாடியில் ஒருவர் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கொடுத்தனுப்பியிருக்கிறார், கீழே ஒருவர் தேநீர் வாங்கச் சொல்லியிருக்கிறார். ஏவியவர் ஒவ்வொருவரும் அவருக்கு மேலானவர். ஒவ்வொரு வேலையும் நியாயமானது. எதுவும் எங்கள் அப்பாவின் மூச்சைவிட அவசரமானதன்று. ஆயினும் அவை எல்லாம் அப்பாவுக்கு முன்னால் நின்றன.

* * *

சில வாரங்களுக்குப் பின் பாறையில் உட்கார்ந்திருந்தபோது இளையவர் ஒரு கதை சொன்னார். அவருடைய தொழிலில் எல்லோரும் அறிந்த கதை. ஆனால் தமக்கே நேர்ந்த பிறகுதான் அதன் பொருள் புரிந்ததாகச் சொன்னார்.

1997 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் இறங்கியது. படங்கள் வந்தன, உலகமே பார்த்தது. சில நாள்களில் அதன் கணினி தானாகவே அணைந்து மீண்டும் தொடங்கலாயிற்று. அப்படி நேரும்போதெல்லாம் அன்றைய மீதி வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. பூமியில் அதே கணினியின் இரட்டை ஒன்றை வைத்துக்கொண்டு பொறியாளர்கள் அந்தப் பிழையை மீண்டும் நிகழ்த்திப் பார்க்க முயன்றனர், இறுதியில் பிடித்தனர்.

அக்கணினியில் பல பணிகள் ஓடின; ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை. செய்தித்தடத்தை மேற்பார்க்கும் பணி மிக உயர்ந்தது. வானிலைத் தரவைத் திரட்டும் பணி தாழ்ந்தது, எப்போதாவது ஓடுவது. இரண்டும் ஒரு பொதுப்பூட்டைப் பகிர்ந்துகொண்டன. வானிலைப் பணி அப்பூட்டைக் கையில் வைத்திருந்த சிறு கணத்தில் உயர்ந்த பணி வந்து பூட்டுக்காக நிற்கும். அதில் தவறில்லை, சிறு கணம்தானே. ஆனால் அதே நேரத்தில், நடுத்தர முன்னுரிமை கொண்ட செய்தித் தொடர்புப் பணி ஒன்று விழித்துக்கொள்ளும். அதற்குப் பூட்டோடு ஏதும் தொடர்பில்லை. வானிலைப் பணியைவிட அது உயர்ந்தது என்பதால் அதனை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தான் ஓடும். தள்ளப்பட்ட வானிலைப் பணியோ பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கும். எல்லோரிலும் உயர்ந்த பணி அந்தப் பூட்டுக்காகக் காத்துக் கிடக்கும். செய்தித்தடப் பணி உரிய நேரத்தில் முடியவில்லை என்று கண்ட காவல் கடிகாரம், ஏதோ பெரும் கோளாறு என்று கருதிக் கணினியையே மீளத் தொடங்கிவிடும்.

இதற்கு முன்னுரிமைத் தலைகீழ் என்று பெயர். பட்லர் லாம்ப்சனும் டேவிட் ரெடெலும் 1980இலேயே இந்நிலையைக் குறித்து எழுதியிருந்தனர். மூத்தவர் இக்கதையைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தேநீர் வாங்கச் சொன்னவர்தான் அந்த நடுப்பணி" என்றார்.

செவ்வாயில் தீர்வு என்னவாயிற்று? தீர்வு ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது. 1990இல் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இருந்தது. மூவருள் ராஜ்குமார் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் 1984இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர். அவர்கள் ஆராய்ந்த விதிகளுள் அடிப்படையானதை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: பூட்டை வைத்திருப்பவர் யாராயினும், அதற்காகக் காத்திருப்போருள் மிக உயர்ந்தவரின் முன்னுரிமை அந்நேரத்துக்கு அவருக்கும் உரியதாகட்டும். பூட்டை விட்டவுடன் அவர் பழைய நிலைக்குத் திரும்பட்டும். ஆங்கிலத்தில் ப்ரியாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ் என்பார்கள். எங்களில் மூத்தவர் இதற்கு 'முன்னுரிமைப் பேறு' என்று பெயர் வைத்தார். நாங்கள் அப்படியே வழங்குகிறோம்.

அவ்விதிப்படி அந்த இரவு எப்படி நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். அலமாரிச் சாவி தேவை என்று அறிந்த அக்கணமே அந்த இளைஞர் மருத்துவமனையில் மிக அவசரமான மனிதராகிவிடுகிறார். விரிப்புக்கும் தேநீருக்கும் அவரை ஏவும் அதிகாரம் யாருக்கும் இல்லை. மாடிப்படியில் எல்லோரும் அவருக்கு வழிவிட வேண்டும். அவருடைய பதவி உயரவில்லை. எங்கள் அப்பாவின் அவசரம் அவர்மேல் ஏறியிருக்கிறது, அவ்வளவே. நாங்கள் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டியது அந்த அவசரத்தை. கொடுத்ததோ வசைச்சொல்.

* * *

பாத்ஃபைண்டர் கதையில் இன்னொரு நுட்பம் உண்டு. இக்கட்டுரையின் மையம் அதுவே என்பதால் சற்று விரித்துச் சொல்கிறோம். அந்தப் பொதுப்பூட்டு, விண்கலக் குழுவினர் தங்கள் நிரலில் தாமே வைத்த பூட்டன்று. அவர்கள் பயன்படுத்திய விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் இயங்குதளத்தில், பல வாயில்களுள் எதில் முதலில் செய்தி வருகிறதோ அதற்காகக் காத்திருக்கும் 'செலெக்ட்' என்ற பொதுவசதி உண்டு. பூட்டு அதற்குள் மறைந்திருந்தது. முன்னுரிமைப் பேறு அந்த இயங்குதளத்தில் ஏற்கனவே இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அணைப்பதும் ஏற்றுவதும் ஒரே ஒரு குறியீட்டின் வேலை. ஆனால் அந்தக் குறியீடு செலெக்ட் வசதியைக் கையாளும் எல்லோருக்கும் பொது. மாற்றினால் எல்லோருக்கும் மாறும். ஆகவே அவர்கள் வேறெங்கும் பாதிப்பு நேராதா என்று ஆராய்ந்து தெளிந்த பின்னரே செவ்வாய்க்கு அந்த மாற்றத்தை அனுப்பினர். கணினி மீளத் தொடங்குவது நின்றது.

பகிர்ந்துகொண்ட பூட்டின் தன்மை இதுதான். அதன் குறை எல்லோருடைய குறையாகிறது. அதனை ஓரிடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் திருத்தம் கிடைக்கிறது.

1997 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த நிகழ்நேரக் கணினி முறைமைகள் மாநாட்டில் அந்த இயங்குதளத்தை உருவாக்கிய விண்ட் ரிவர் நிறுவனத்தின் டேவிட் வில்னர் இந்நிகழ்ச்சியை விவரித்தார். உண்மையான பெருமை, தாம் பல ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஓர் ஆய்வுக்கட்டுரையை எழுதியவர்களுக்கே உரியது என்றும், பெயர்கள் நினைவில்லை என்றும் வருத்தம் தெரிவித்தார். அவர்கள் மூவரும் அதே அரங்கில்தான் அமர்ந்திருந்தனர். உரை முடிந்ததும் அவர்களை எழுந்து நிற்கச் செய்து அவை பாராட்டியது. கோவையில் படித்த ஒருவர் அவர்களுள் நின்றார் என்பதில் எங்களுக்குச் சிறு மகிழ்ச்சி.

இப்போது அப்பா சொன்ன குறைக்கு வருவோம். முன்னுரிமைப் பேறு நடைபெற ஒன்று இன்றியமையாதது: பூட்டு இப்போது யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். டைக்ஸ்ட்ராவின் செமாஃபோர் ஓர் எண்ணிக்கை மட்டுமே. ஒருவர் குறைக்கலாம், வேறொருவர் கூட்டலாம். உரிமையாளர் என்று யாரும் இல்லை. காத்திருப்பவரின் அவசரத்தை யார்மேல் ஏற்றுவது? கைகாட்டிக்கும் பந்துக்கும் அப்பா கண்ட வேறுபாடு இதுவே. லினக்ஸ் நெடுங்காலம் செமாஃபோரையே பூட்டாகக் கையாண்டது. 2006ஆம் ஆண்டு 2.6.16ஆம் பதிப்பில் மியூடெக்ஸ் என்னும் புதிய பூட்டு வந்தது. எடுத்தவரே விட வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே அதற்கு உரிமையாளர் உண்டு. அதே ஆண்டில் 2.6.18ஆம் பதிப்பில் முன்னுரிமைப் பேறு கொண்ட பூட்டும் சேர்ந்தது. அது காத்திருப்போரை வந்த வரிசையில் அன்றி, முன்னுரிமை வரிசையில் வைக்கிறது. ஒருவர் மற்றொருவருக்காகவும், அவர் இன்னொருவருக்காகவும் காத்திருந்தால், அந்தச் சங்கிலியில் கணுக்கணுவாக நடந்துபோய்க் கடைசியில் பூட்டை வைத்திருப்பவரிடம் அவசரத்தைச் சேர்க்கிறது.

சங்கிலி என்றோம். அதில் ஒரு கணு மறைந்தாலும் செய்தி அங்கேயே நின்றுபோகும். வன்பொருள் ஒன்றுக்கு இயக்கி எழுதுபவர், பொதுப்பூட்டைக் கொள்ளாமல் தம் விருப்பம்போல் ஒரு மாறியை வைத்து, அது மாறும்வரை சுற்றிக் காத்திருக்குமாறு எழுதலாம். அவருடைய நிரல் ஓடும், பிழையேதும் தெரியாது. ஆனால் அங்கே ஒருவர் காத்திருக்கிறார் என்பது கெர்னலுக்குத் தெரியாது. யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதும் தெரியாது. எல்லோரும் ஒரே காத்திருப்பு முறையைப் பகிர்வதன் பெரும்பயன் என்று முன்னே சொன்னது இதுதான். பொதுவழியில் காத்திருப்பவர் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறார். தெரிபவருக்கே உதவ முடியும்.

லினக்ஸை நேரம் தவறாத இயங்குதளமாக்கும் முயற்சி இருபதாண்டு காலம் தனிக்கிளையாக நடந்து, 2024இல் வெளியான 6.12ஆம் பதிப்பில்தான் மூலக்கெர்னலோடு முழுமையாகச் சேர்ந்தது. அம்முயற்சியின் அடிப்படை வேலை, பெரும்பாலான சுழற்பூட்டுகளை முன்னுரிமைப் பேறு கொண்ட உறங்கும் பூட்டுகளாக மாற்றுவது. எல்லோரும் ஒரே பெயர்கொண்ட பொதுப்பூட்டை அழைத்ததால், அடியில் இருந்ததை ஓரிடத்தில் மாற்றினால் ஆயிரக்கணக்கான இடங்களில் மாறியது. பூட்டு என்று பெயர் சொல்லாமல், குறுக்கீடுகளைத் தடுத்து வைத்தே காரியம் பார்த்த இடங்கள்தான் துன்பம் தந்தன. அங்கே எது எதிலிருந்து காக்கப்படுகிறது என்றே எழுதப்படவில்லை. அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பெயரிட்டு வெளிக்கொணர வேண்டியதாயிற்று.

முன்னுரிமைப் பேறு எல்லா நோய்க்கும் மருந்தன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். சங்கிலியில் நடப்பதற்கே நேரம் பிடிக்கும். பூட்டைச் சிறிது நேரமே வைத்திருப்பது அதைவிட நன்று. பூட்டே இல்லாதிருப்பது இன்னும் நன்று. பெங்களூரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் லினக்ஸ் குழுவில் பணியாற்றிய தீபாங்கர் சர்மாவும் அமெரிக்காவின் பால் மெக்கென்னியும் பிறரும் சேர்ந்து 2002இல் லினக்ஸுக்குள் கொண்டுவந்த ஆர்.சி.யு. முறை அத்தகையது. படிப்பவர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றுபவர் படியெடுத்துத் திருத்திப் புதியதை முன்வைத்துவிட்டு, பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் விலகும்வரை தாமே பொறுத்திருந்து அதனை அகற்றுகிறார். அலமாரியைப் பூட்டாமல் வைத்திருந்தால் என்ன என்று அப்பாவும் கேட்டார். மீட்டர் காணாமற்போகும் என்றார்களாம். சில பொருள்களுக்குப் பூட்டுத் தேவைப்படுகிறது.

* * *

இக்கதை முழுவதையும் நாங்கள் அப்பாவிடம் சொன்னோம். செவ்வாய் அவருக்கு அவ்வளவு வியப்பளிக்கவில்லை. "பந்து யார் கையில இருக்குதுன்னு தெரியாம வண்டி விடலாமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, அந்தப் பையனைப் பார்த்தீர்களா என்றார்.

மறுமாதம் மருந்து வாங்கச் சென்றபோது இருவரும் அவரைத் தேடினோம். ஒப்பந்தப் பணியாளராம், வேறெங்கோ மாற்றிவிட்டார்களாம். எந்த இடம் என்று கேட்டோம். கேட்டவரிடம் விவரம் இல்லை. பெயரைக்கூட நாங்கள் அன்றிரவு கேட்டுக்கொள்ளவில்லை. பின்னும் இரண்டு முறை சென்று விசாரித்தோம். அலமாரி மட்டும் அதே இடத்தில் இருந்தது. சாவி அதன் பக்கவாட்டில் ஓர் ஆணியில் தொங்கியது. யார் அப்படி மாட்டியது என்று தெரியவில்லை.

அப்பா அதன்பின் நான்கு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். மன்னிப்புக் கேட்டாயிற்றா என்று அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்காததே எங்களுக்குச் சுமையாக இருந்தது. பாறைமேல் உட்கார்ந்து இதை எழுதத் திட்டமிட்டபோது, கணினியைப் பற்றி மட்டும் எழுதிவிடலாமா என்று ஒருகணம் எண்ணினோம். அது பாதி உண்மையாகிவிடும் என்பதால் மீதியையும் எழுதிவிட்டோம். அந்த இளைஞருக்கு இப்போது முப்பது வயதை நெருங்கும். எங்கோ ஒரு மாடிப்படியில் யாருடைய தேநீரையோ எடுத்துக்கொண்டு அவர் இன்னும் நடக்கலாம். எங்களுடைய அவசரத்தை அவரிடம் உரிய நேரத்தில் சேர்க்கத் தவறினோம். எங்களுடைய வருத்தமேனும் எப்படியாவது சேரட்டும்.